பின் கதவுக்கு ஏழு பூச்சு

செருப்பை அங்கேயே கழற்றிவிட்டு ஏறுங்கள், தம்பி. தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள். பதினோரு வருஷமாக இந்த வண்டியில் யாரும் செருப்போடு ஏறியதில்லை. நானும்தான். வெறுங்காலால் பெடலை மிதித்தே பழகிவிட்டது. முதலில் பின் சீட்டில் உட்காருங்கள். கார் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் நேரே போய் ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறார்கள். பின்னால் உட்கார்ந்தால்தான் ஒரு வண்டியை எப்படி வைத்திருந்தார்கள் என்று தெரியும். சீட்டைத் தொட்டுப் பாருங்கள். கடையில் போட்டுக் கொடுத்த பாலித்தீன் உறை, இன்னும் பிரிக்கவில்லை. ஓரத்தில் கொஞ்சம் மஞ்சளாகியிருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே ஒரு கறை காட்டுங்கள் பார்ப்போம்.

கதவைப் பற்றிக் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உடம்பு முழுக்கக் கருநீலம், இந்த ஒரு கதவு மட்டும் வெள்ளை. விளம்பரத்தில் வலது பக்கத்தை மட்டும் படம் எடுத்துப் போட்டேன். அது ஏமாற்றுத்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இடிபட்டுக் கதவு மாற்றிய வண்டி இல்லை இது. வெள்ளைதான் இதன் சொந்த நிறம். ஆர்.சி. புத்தகத்திலும் வெள்ளை என்றுதான் இருக்கிறது. நீலம் மேலே பூசியது. ரப்பர். நகத்தால் ஓரத்தை நெம்பி இழுத்தால் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். நானே பூசினேன், இதே இடத்தில் நின்று, இந்தக் கையால். ஏன் பூசினேன் என்றால் சொல்லக் கொஞ்சம் நேரமாகும். அவசரம் இல்லையே? ராஜபாளையத்துக்கு அரை மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது.

என் வீட்டுக்காரி இந்த வண்டியில் ஏற மாட்டேன் என்கிறாள். அதுதான் விஷயம். மொத்தமும் அவ்வளவுதான்.

அவள் பெயர் ஆவுடையம்மாள். உள்ளேதான் இருக்கிறாள், நாம் பேசுவது கேட்கும். கேட்கட்டும். அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. தை மாதத்திலிருந்து வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், திருநெல்வேலி போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வர வேண்டும். நாலு மணி நேரம் ஊசியோடு படுத்திருக்க வேண்டும். முடிந்து எழுந்தால் துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இருப்பாள். இங்கே சங்கரன்கோவிலிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். வாசலில் கார் நிற்கிறது. ஓட்டுவதற்கு நான் இருக்கிறேன், பள்ளிக்கூட அலுவலக வேலையை அதற்காகத்தான் முன்னாலேயே விட்டேன். அவளோ பையை எடுத்துக்கொண்டு காலை ஆறு பத்து பஸ்ஸுக்கு நடக்கிறாள்.

நான் என்ன செய்வேன்? பஸ்ஸின் பின்னாலேயே காரை ஓட்டிக்கொண்டு போவேன். சிரிக்காதீர்கள். சிரித்தாலும் பரவாயில்லை, ஊரே சிரித்தாகிவிட்டது. பஸ் நின்றால் நானும் நிற்பேன். பஸ் கிளம்பினால் நானும் கிளம்புவேன். அவளுக்கு வழியில் ஏதாவது ஆகிவிட்டால் பக்கத்தில் வண்டி வேண்டுமே. ஆறு மாதம் இப்படி. அந்த பஸ் கண்டக்டர் இசக்கிராஜ் வாய்த் துடுக்கு. மானூரில் டீக்கு நிறுத்தும்போது என் ஜன்னலில் வந்து சாய்ந்துகொள்வான்.

"என்ன அண்ணாச்சி, எங்க டிரைவர் மேல நம்பிக்கை இல்லையா? காவலுக்கு வாரிய?"

ஒரு நாள் அவனே குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "அக்கா பக்கத்துல சீட்டு காலியாத்தான் கிடக்கு. டிக்கெட்டு கூட வேண்டாம், சும்மா வந்து உக்காருங்க."

"காரை எங்கே விடுவது?" என்றேன்.

"வீட்ல விட்டுட்டு வாங்க."

கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் திரும்பி வரும்போது அவள் மயங்கி விழுந்தால்? பஸ் ஆஸ்பத்திரிக்குத் திரும்புமா? தவிர, நான் பக்கத்தில் உட்கார்ந்தால் அவள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுவாளோ என்று பயம். அந்தப் பயத்தை அவனிடம் சொல்ல முடியுமா? உங்களிடம் சொல்கிறேன். உங்களை நான் இனிமேல் பார்க்கப் போவதில்லை.

ஐப்பசியில்தான் இது ஆரம்பித்தது. அவளுடைய தம்பி பரமகுரு இந்த வண்டியில்தான் போய்ச் சேர்ந்தான். நாற்பத்தொரு வயது. ஆவுடைக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது அவர்கள் அம்மா தவறிவிட்டாள். இடுப்பில் தூக்கி வளர்த்தது இவள்தான். கல்யாணமாகி என் வீட்டுக்கு வரும்போது இவள் கையைப் பிடித்துக்கொண்டு அவனும் வந்தான். எனக்கும் அவன் பிள்ளை மாதிரிதான். எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை. இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எனக்கு அவன் மேல் பாசம் இல்லை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை, பத்து மணி இருக்கும். ராத்திரி முழுக்க மழை. அக்காவைப் பார்க்க வந்தவன் காபியைக் கீழே வைத்துவிட்டு, "நெஞ்சு என்னமோ செய்யுது அத்தான்" என்றான். சட்டை நனைந்துவிட்டது வியர்வையில். ஆவுடை "காரை எடுங்க, காரை எடுங்க" என்று கத்தினாள். நான் எடுத்தேன். ஒரு நொடி தாமதிக்கவில்லை. கார் மேல் போட்டிருந்த உறையை உருவினேன், மடித்தேன், வண்டியை வெளியே எடுத்தேன். உறையைத் தரையில் போட்டால் சகதி ஆகிவிடும், அதனால் மடித்தேன். நாலு மடிப்பு, எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தான். நடந்து வந்தான், தம்பி. அதனால்தான் நான் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன். இந்தக் கதவைத் திறந்துவிட்டேன். பதற்றத்தில் ஏற வந்தான். "பரமகுரு, செருப்பு" என்றேன். அவ்வளவுதான், இரண்டே சொல். "ஆமா அத்தான்" என்று குனிந்து கழற்றினான். வார் வைத்த செருப்பு, பக்கிள் போட்டது. ஏறினான். நான் ஓட்டினேன். அந்த மாதிரி என் வாழ்நாளில் ஓட்டியதில்லை. ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தால் தலை சாய்ந்து கிடக்கிறான். சின்ன வயசு டாக்டர் ஒருவர், "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா" என்று ஆரம்பித்தார். அதை அவர்கள் எல்லாரிடமும் சொல்வார்கள். சொல்வதற்கு வேறு என்ன இருக்கிறது?

அவனுடைய செருப்பு மூன்று நாள் இங்கே, நீங்கள் கழற்றிப் போட்டிருக்கிற இதே இடத்தில் கிடந்தது. யாருக்கும் எடுக்கத் தோன்றவில்லை. பிறகு ஒரு நாள் காணவில்லை. ஆவுடை எடுத்து வைத்திருக்கிறாள். எங்கே என்று நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு அவள் இந்த வண்டியில் ஏறவில்லை.

நான் யோசிக்கிற ஆள், தம்பி. படுத்தால் தூக்கம் வராது, என்னையே நான் விசாரிப்பேன். எதனால், எதனால் என்று. வண்டி எண்ணைக் கூட்டினால் எட்டு வருகிறது. வாங்கும்போதே என் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார், நான் கேட்கவில்லை. அதுவா? ஆயுத பூஜைக்குச் சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழம் ஒன்று நசுங்காமல் உருண்டு போய்விட்டது, பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். அதுவா? ஆவுடையிடமே நேராகக் கேட்டேன். "ஆவுடை, நான் என்ன தப்பு செஞ்சேன், அதைச் சொல்லிரு."

அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பாமலே, "நீங்க ஒண்ணும் செய்யலையே" என்றாள்.

அவளே அப்படிச் சொன்ன பிறகு நான் வேறு எங்கே தேடுவது? அப்போதுதான் நிறம் என்று தோன்றியது. வெள்ளைக் கார். தெருவில் எந்த வெள்ளைக் கார் போனாலும் அவள் முகம் திரும்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். வெள்ளையைப் பார்த்தால் தம்பி ஞாபகம். அப்படியானால் வெள்ளையை மறைத்துவிட்டால்? என்ன சுலபமான விஷயம், இத்தனை நாள் தோன்றவில்லையே என்று எனக்கே சந்தோஷமாகிவிட்டது.

உண்மையான பெயிண்ட் அடிக்க மனம் வரவில்லை. அடித்தால் கம்பெனிப் பெயிண்டைச் சுரண்ட வேண்டும், அது போனால் போனதுதான். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் அலைய வேண்டும். போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ரப்பர் பெயிண்ட். டப்பாவில் வரும், பீச்ச வேண்டியது, காய்ந்தால் மேலே ஒரு தோல். வேண்டாம் என்றால் உரித்துவிடலாம், அடியில் ஒரு கீறல் இருக்காது. கோயம்புத்தூரிலிருந்து இருபத்தெட்டு டப்பா வரவழைத்தேன். ஆவுடையிடம் என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டேன். "உங்க வண்டி" என்றாள். கருநீலம் என்று நானே முடிவு செய்தேன்.

இந்த வேலையில் கழுவுவதுதான் பாதி. ஒரு விரல் எண்ணெய் இருந்தாலும் அந்த இடத்தில் பிடிக்காது. மூன்று முறை ஷாம்பு போட்டுக் கழுவித் துடைத்தேன். விளக்கு, கண்ணாடி, சக்கரம் எல்லாவற்றையும் செய்தித்தாளும் டேப்பும் வைத்து மூடினேன். ஆனி மாதக் காற்று, தெருப் புழுதி முழுக்க உள்ளே வந்தது. பீரோவைத் திறந்து அவளுடைய பழைய சேலைகளை எடுத்துச் சுற்றிலும் கொடி கட்டித் தொங்கவிட்டேன். எதிர்வீட்டுக்காரர், "என்ன சார், காருக்குச் சீமந்தமா?" என்று கேட்டார். ஆவுடை வந்து ஒரே ஒரு சேலையை, பச்சைச் சேலையை மட்டும் உருவிக்கொண்டு போனாள். அதில் ஏற்கெனவே நீலப் புள்ளி தெறித்திருந்தது. பரமகுரு முதல் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்ததாம். எனக்கு எப்படித் தெரியும்? பழையதாகத்தானே இருந்தது?

முதல் பூச்சு மெல்லிசாகப் போட வேண்டும், நெற்றியில் வியர்வை துளிர்க்கிற மாதிரி. அது காய அரை மணி நேரம். பிறகு அடுத்தது. ஐந்து பூச்சு போதும் என்றான் வீடியோவில். நாலு நாள் பூசினேன். டப்பாவை அமுக்கி அமுக்கி இந்த விரல் மரத்துப்போய்விட்டது, இப்போதுகூட நுனியில் உணர்ச்சி இல்லை. இந்தக் கதவுக்கு மட்டும் ஏழு பூச்சு. அவன் ஏறிய கதவு இது. இதன் வழியாக வெள்ளை துளிகூடத் தெரியக் கூடாது என்று ஆறாவது போட்டேன், பிறகும் சந்தேகமாக இருந்தது, ஏழாவதும் போட்டேன். கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே டேப்பை இழுத்துவிட வேண்டும். காய்ந்த பிறகு இழுத்தால் ஓரம் கிழியும். எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். ஒரு குமிழி இல்லை, ஒரு ஈ ஒட்டவில்லை. சேலைகளைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். வேறு யாருடைய வண்டியோ மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பையோடு வெளியே வந்தவளைக் கெஞ்சினேன். "ஒரு தடவை பாரு ஆவுடை. வெள்ளையே கிடையாது. உனக்காகத்தான். இதுல ஒரு வசதி என்னன்னா, பிடிக்கலைன்னா உரிச்சிரலாம். அடியில ஒண்ணுமே ஆகியிருக்காது."

அவள் பையைக் கீழே வைத்தாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். நான் பின்னாலேயே நடந்தேன். இந்தக் கதவு முன்னால் நின்று, கீழ் ஓரத்தில் நகத்தை வைத்து நெம்பினாள். இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்தாள். மெல்லிசாகப் பூசியிருந்தால் பொடிப்பொடியாகப் பிய்ந்திருக்கும். கனமாகப் பூசிய இடம்தான் முழுசாக வரும். ஏழு பூச்சு அல்லவா, பால் ஆடை மாதிரி ஒரே துண்டாக வந்துவிட்டது. அடியில் வெள்ளை, பளபளவென்று, வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரி.

"அடியில அப்படியேதான இருக்கு" என்றாள்.

அந்த நீலத் தோலை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் மறுபடி அந்தக் கதவுக்குப் பூசவில்லை. டப்பா தீர்ந்துவிட்டது, அது ஒரு காரணம். ஒரு கதவு வெள்ளையாகவே பஸ் பின்னால் ஓட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கு மட்டும் இசக்கிராஜ் மானூரில் கதவைப் பார்த்துவிட்டு, டீயோடு நேரே பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டான்.

இப்போது போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். இதைத்தான் சொல்ல வேண்டும் என்று இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வந்தேன் போலிருக்கிறது.

டயாலிசிஸ் முடிந்து திரும்புகிறோம். அவள் பஸ்ஸில், நான் பின்னால். தேவர்குளத்தில், நிறுத்தமே இல்லாத இடத்தில் பஸ் நின்றது. இசக்கிராஜ் குதித்து இறங்கி இரண்டு கையையும் ஆட்டினான். "அண்ணாச்சி, காரைப் பக்கத்துல கொண்டாங்க! அக்காவுக்குக் கண்ணு இருட்டிட்டு வருது!" இரண்டு பெண்கள் அவளைத் தாங்கி இறக்கினார்கள். முகம் சாம்பலாக இருந்தது. நான் பஸ்ஸை ஒட்டி நிறுத்தி, ஓடி வந்து இந்தக் கதவைத் திறந்தேன். ஏறமாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்றுதான் நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் இருந்தேன்.

அவள் கதவு வரைக்கும் வந்தாள். அந்தப் பெண்களின் கையை விலக்கினாள். குனிந்தாள். மயக்கத்தில் விழுகிறாள் என்று நான் பிடிக்கப் போனேன். விழவில்லை. செருப்பைக் கழற்றுகிறாள். இடது கையில் ஊசி எடுத்த இடத்தில் கட்டு, அதை மடக்கக் கூடாது. வலது கையால் மட்டும் வாரைத் தேடுகிறாள், பிடி கிடைக்கவில்லை. "எக்கா, செருப்பு கிடக்கட்டும், ஏறுக்கா" என்று ஒருத்தி கத்தினாள். இவளுக்குக் கேட்கவில்லை. ஒன்றைக் கழற்றினாள். காரைப் பிடித்துக்கொண்டு மற்றதையும் கழற்றினாள். காலாலேயே இரண்டையும் சேர்த்து ஒழுங்காக வைத்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"கழத்திட்டேன். ஏறலாமா?"

தம்பி, பரமகுருவும் அப்படித்தான் வைத்திருந்தான். மூன்று நாள் இங்கே கிடந்ததே அந்தச் செருப்பு, தாறுமாறாகக் கிடக்கவில்லை. ஜோடியாக, சுவரை ஒட்டி, முனையெல்லாம் ஒரே நேராக. மூன்று நாளும் நான் அதைப் பார்த்தேன். நெஞ்சு வெடிக்கிறவன் ஏன் அதை அவ்வளவு ஒழுங்காக வைத்தான் என்று ஒரு தரம்கூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வண்டி எண்ணைக் கூட்டிப் பார்த்தேன், எலுமிச்சம்பழத்தைக் கேட்டேன். இதைக் கேட்கவில்லை. அவன் பக்கிளைக் கழற்றும்போது ஆவுடை பின்னால் தண்ணீர்ச் செம்போடு நின்றாள். நானும் நின்றேன். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அவன் கழற்றி முடிக்கட்டும் என்று நின்றேன்.

குத்திக் காட்டினாளா என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். அவள் முகத்தில் அது இல்லை. கண்ணே சரியாகத் தெரியாத நிலையில் இருந்தாள். அது பழக்கம். பதினோரு வருஷப் பழக்கம், உடம்பு தானாகச் செய்கிறது. குத்திக் காட்டியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். பழக்கம் என்றால் அது இன்னும் மோசம் இல்லையா? நீங்களே சொல்லுங்கள்.

ஏறினாள். எட்டு மாதமாக நான் எதற்காகப் பைத்தியம் மாதிரி அலைந்தேனோ அது நடந்துவிட்டது. நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்தாள். கால் கீழே படாமல் மடக்கிச் சீட்டின் மேல் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குத் திருப்பவா என்று கேட்டதற்கு, படுத்தால் சரியாகிவிடும், வீட்டுக்கே போங்கள் என்றாள். வழி முழுக்க இந்தப் பாலித்தீன் சரசரத்துக்கொண்டே வந்தது. அந்தச் சத்தம் இவ்வளவு பெரியது என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது. வீட்டில் இறங்கி வெறுங்காலோடு உள்ளே போனாள். அப்போதுதான் ஞாபகம் வந்தது, செருப்பு தேவர்குளத்திலேயே கிடக்கிறது. மறுநாள் போய்த் தேடினேன். "நேத்து சாயங்காலம் ஜோடியா கிடந்துச்சு சார்" என்றார் டீக்கடைக்காரர். புதுச் செருப்பு ஒன்று வாங்கி வந்து வாசலில் வைத்தேன். அளவு பெரிதாகப் போய்விட்டது. இருபத்தொன்பது வருஷம் கூட இருந்திருக்கிறேன், அவள் கால் அளவு எனக்குத் தெரியவில்லை.

நேற்றுத்தான் விளம்பரம் போட்டேன். வண்டியை நீங்கள் இன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். விலைக்கு நான் வழக்காட மாட்டேன். நீலத்தை வீட்டில் போய் உரித்துக்கொள்ளுங்கள், ஒரு மத்தியான வேலை. நாளைக்குச் செவ்வாய். ஆறு பத்து பஸ்ஸில் நானும் போகிறேன். பக்கத்தில் உட்கார விடுவாளா, தெரியாது. விடாவிட்டால் பின்னால் நின்றுகொண்டு வருவேன். விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் நிற்பேன்.

என்ன தம்பி, இறங்கப் பார்க்கிறீர்களா?

இருங்கள். இவ்வளவு நேரமும் நீங்கள் வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். நான்தான் சொன்னேன், வந்ததும் வராததுமாக. நீங்களும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் கழற்றிவிட்டீர்கள். ஜோடியாக வேறு வைத்திருக்கிறீர்கள்.

வேண்டாம், நீங்கள் குனியாதீர்கள். அப்படியே உட்காருங்கள். நான் எடுத்துத் தருகிறேன். சகதி இருந்தால் இருக்கட்டும். காலைக் கொஞ்சம் நீட்டுங்கள், தம்பி.